பன்னிரண்டேகால் அடிப் படகு

இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம் ஜூன் மாதம் பெருமாள்சாமி ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், கழுத்தில் வாடிய ரோஜா மாலை ஆகியவற்றோடு ஜோகுபாளையத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இருபத்தேழு வருடம் வேலை பார்த்த தொழிற்சாலை, விருப்ப ஓய்வு என்று ஒரு காகிதத்தை நீட்டியிருந்தது. விருப்பம் யாருடையது என்று அதில் எழுதியிருக்கவில்லை. அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. தலை நரைக்கவில்லை, பல் ஆடவில்லை, கை மட்டும் ஒரு நிமிடம் சும்மா இருக்காது.

முதல் வாரம் வீட்டிலுள்ள எல்லாக் கதவுக் கீல்களுக்கும் எண்ணெய் விட்டார். இரண்டாம் வாரம், கட்டில் ஆடுகிறது என்று அதன் ஒரு காலை இழைத்தார். மறுநாள் இன்னொரு காலை. நான்கு நாளில் கட்டில் அரைச் சாண் தாழ்ந்துபோனது, ஆட்டம் நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால் தரைதான் மேடுபள்ளம். மூன்றாம் வாரம் மிக்ஸியைக் கழற்றினார். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் மனைவி கோமளம் அல்சூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. மாலை நாலு மணிக்குத் திரும்பும்போது, இன்றைக்கு எதைப் பிரித்துப் போட்டிருக்கிறாரோ என்று தெருமுனையிலேயே அவள் நடையை எட்டிப் போடுவாள்.

“எங்கனா வேலைக்குப் போங்க. காசுக்காகச் சொல்லல. நீங்க வூட்லயே இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும்” என்றாள்.

போனார். ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலை. நாற்காலியில் உட்கார்ந்து, வருகிற கார்களுக்குக் கம்பத்தைத் தூக்கிவிட வேண்டும். எட்டாம் நாள் அந்தக் கம்பம் கிரீச்சிடுகிறது என்று கழற்றி வைத்துவிட்டார். பத்து மணிக்கு வரவேண்டிய பெரிய அதிகாரி, கம்பம் இல்லாததால் தடுப்பாரின்றி நுழைந்த நாற்பது கார்களுக்குப் பின்னால் நின்றார். ஒன்பதாம் நாள் பெருமாள்சாமி வீட்டில் இருந்தார்.

இந்த மனிதரின் தொழிலைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும். அவர் பேட்டர்ன் மேக்கர். வார்ப்படத் தொழிற்சாலையில் ஒரு பம்போ கியர் பெட்டியோ வார்க்க வேண்டுமென்றால், முதலில் அதே உருவத்தை மரத்தில் செய்ய வேண்டும். அதுதான் பேட்டர்ன். அதை மணலில் அழுத்திப் பதித்து, அலுங்காமல் உருவி எடுத்தால் குழி விழும். குழியில் உருக்கிய இரும்பை ஊற்றினால் பம்பு. இரும்புப் பம்பு லாரி ஏறி எங்கெங்கோ போய்த் தண்ணீர் இறைக்கும். மரப் பம்பு தூசு தட்டப்பட்டுப் பரணுக்குப் போகும். மயிரிழை பிசகாத கை என்று தொழிற்சாலை முழுக்கப் பெயர் வாங்கிய பெருமாள்சாமி, தன் கையால் செய்த ஒரு பொருள்கூட உலகத்தில் எங்கும் வேலை செய்து பார்த்ததில்லை.

அதை அவர் பெரிதாக நினைத்தவரும் இல்லை, கடைசி மாதம் வரைக்கும். கடைசி மாதம் பேட்டர்ன் ஷாப்பை இழுத்து மூடினார்கள். பரணிலிருந்த பேட்டர்ன்களையெல்லாம் இறக்கி, செங்கல் சூளைக்காரன் ஒருவனுக்கு விறகாகக் கொடுத்தார்கள். நான்கு லாரி. தான் செய்தவற்றை அவர் அடையாளம் கண்டுகொண்டே நின்றார். எண்பத்திரண்டில் பதினோரு வாரம் உட்கார்ந்து இழைத்த டர்பைன் உறை ஒன்று, லாரியின் மேலே குப்புறக் கிடந்தது. அன்று அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. ஏனென்று கோமளம் கேட்டதற்குப் பல் வலி என்றார்.

அதற்கப்புறம்தான் இந்தப் பரபரப்பு. கதவையும் கட்டிலையும் நோண்டியது வேலை இல்லாததால் அல்ல. செத்துப்போவதற்குள் தன் கையால் செய்த ஒரு மரப்பொருள், அதுவே, அதன் நகல் அல்ல, உலகத்தில் இறங்கி ஒரு வேலையைச் செய்ய வேண்டும். அது என்ன பொருள் என்றுதான் தெரியவில்லை.

கிருஷ்ணப்பா அதைக் காட்டிக்கொடுத்தார், தெரியாமல்தான். கிருஷ்ணப்பா அதே தொழிற்சாலையில் மோல்டர், அதாவது இவர் செய்யும் பேட்டர்னை மணலில் பதிக்கிறவர். அவரும் காகிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, பொம்மனஹள்ளியில் ஒரு ஃபைபர் பட்டறையில் சேர்ந்திருந்தார். பழைய மெட்ராஸ் ரோட்டில் கிருஷ்ணராஜபுரம் தாண்டி அவருடைய ஊர். ஊர் ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை அந்த வருடம் அவர் அண்ணன் கையில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருமாள்சாமியைத் தூண்டிலோடு அழைத்துப் போனார். கரையில் உட்கார்ந்து ஐந்து மணி நேரம். ஒரு ஜிலேபி மீன்கூட எட்டிப் பார்க்கவில்லை. நடு ஏரியில் கெண்டை துள்ளுவது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

“இன்னா குரு இப்படி எந்திரிச்சி எந்திரிச்சி உக்கார்ற? ஸ்வல்ப தாளு, கொஞ்சம் பொறு. மீனு பயந்துக்கும்” என்றார் கிருஷ்ணப்பா, கன்னடமும் தமிழும் கலந்து.

“இங்க மீனே இல்ல. அங்க இருக்குது. நான் அங்க போணும்.”

பரிசலில் ஏற்றிவிட்டார்கள். பரிசல் சுற்றியது. எந்தப் பக்கம் துடுப்புப் போட்டாலும் அது தன் இஷ்டத்துக்கு ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் நகரும். பெருமாள்சாமிக்கு வந்த கோபத்தில் நடுத் தண்ணீரில் எழுந்து நிற்கப் பார்த்தார். கரைக்கு வந்து சேர்ந்ததும் முதலில் சொன்னது, “நான் ஒண்ணு செய்யப்போறேன். நேராப் போற மாதிரி.”

மகள் தர்ஷினி ஒரு கால் சென்டரில் அமெரிக்காக்காரர்களோடு இரவெல்லாம் பேசிவிட்டுப் பகலில் தூங்குகிறவள். அவளிடம் சொன்னதும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடி, பன்னிரண்டு பக்கம் அச்செடுத்து வந்தாள். ஒரே ஆள் உட்கார்ந்து மீன் பிடிக்கிற ஒடுக்கமான படகு. கயாக் என்று பெயர். நீளம் பன்னிரண்டு அடி. துடுப்புக்கு இரண்டு முனையிலும் தட்டை. எழுதியவர் ஏதோ குளிர் தேசத்து ஆள். தன் வீட்டுக் கார் ஷெட்டில் செய்ததாகப் போட்டிருந்தார்.

பெருமாள்சாமிக்கு ஏது கார் ஷெட்? அவர் இருந்தது சின்னத்தாயி அம்மாள் வீட்டின் பின்போர்ஷன். ஒரு ஹால், ஒரு சமையலறை, ஓர் உள்ளறை. ஹாலிலிருந்து வெளியே போக, மேலே காங்கிரீட் மூடிய ஒரு நடை. அது பாதியில் வலப்புறம் திரும்பித் தெருவுக்குப் போகும். அவர் முன்யோசனை இல்லாதவர் அல்ல. கோமளத்தின் தையல் டேப்பால் அளந்து, சரியாகப் பன்னிரண்டு அடிக்கு ஒரு மூங்கிலை வெட்டினார். படகின் அகலத்துக்கு அட்டை வெட்டி அதில் கட்டி, நடையின் திருப்பத்தில் சாய்த்து, தூக்கி, வளைத்துப் பார்த்தார். இரண்டு விரல் இடைவெளியோடு மூங்கில் தெருவுக்கு வந்தது.

“வந்துடும்” என்றார்.

“எது வந்துடும்?” என்று மாடியிலிருந்து சின்னத்தாயி கேட்டார். அதற்குள் இவர் மூங்கிலோடு உள்ளே போய்விட்டார்.

செப்டம்பரில் ஆரம்பித்தார். டிவி உள்ளறைக்குப் போனது. மரவாடியில் சில்வர் ஓக் வாங்கி, கால் அங்குலக் கனத்துக்கு நீள நீளமான ரீப்பர்களாக அறுத்துக்கொண்டு வந்தார். தர்ஷினி தூங்கும் வீடு, சுத்தியல் சத்தம் கூடாது. ஆகவே ஆணியே கிடையாது. குறுக்குச் சட்டங்களின் மேல் ஒவ்வொரு ரீப்பராக வளைத்துப் பசை போட்டு, பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாகக் கிழித்து இறுக்கிக் கட்டினார். ஒரு நாளைக்கு இரண்டு ரீப்பர். பசை காய்கிற நேரத்தில் ஹாலில் இடமில்லாமல் நடையில் முன்னும் பின்னும் நடந்தார். காய்ந்துவிட்டதா என்று மணிக்கு நாலு தரம் தொட்டுப் பார்த்து, விரலைப் பசையில் ஒட்டிக்கொண்டு கோமளத்திடம் திட்டு வாங்கினார்.

“செஞ்சி முடிச்சி இன்னா பண்ணுவீங்க?”

“தண்ணியில வுடுவேன்.”

“வுட்டு?”

“அதுல நான் உக்காந்துப்பேன். அது போவும். போதாதா?”

கோமளத்துக்குப் போதவில்லை. ஆனால் மிக்ஸி பிழைத்தது என்று விட்டுவிட்டாள்.

ஜனவரியில் படகின் உடல் முழுதாக மூடியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். முதலில் முரட்டுத் தாள், பிறகு நடுத்தரம், பிறகு பட்டு மாதிரித் தாள். விரல் நுனியால் தடவி, எங்கே தடுக்கிறதோ அங்கே மறுபடி. உள்மூலை ஒவ்வொன்றையும் மெழுகுப் பசை வைத்து, கூர் தெரியாமல் உருட்டினார். கிருஷ்ணப்பா தன் பட்டறை முதலாளியைக் கேட்டு ஃபைபர் துணியும் அதை ஒட்டவைக்கும் ரெசினும் கொண்டுவந்து வெளிப்புறம் போர்த்தித் தந்தார். அதையும் கண்ணாடி போலத் தேய்த்தாயிற்று. பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிருஷ்ணப்பா பட்டறையின் டெம்போவோடு காலை எட்டு மணிக்கு வந்து நின்றார். பட்டறை முதலாளி சுந்தரமூர்த்தியும் கூடவே வந்திருந்தார். கோயம்புத்தூர்க்காரர். பட்டறையில் தண்ணீர்த் தொட்டியும் பூங்காச் சறுக்குமரமும் செய்கிறவர். தன் ரெசின் எங்கே போனதென்று பார்க்க வந்ததாகச் சிரித்தார்.

பெருமாள்சாமி முன்னால் பிடிக்க, கிருஷ்ணப்பா பின்னால் பிடிக்க, படகு ஹாலை விட்டு வெளியே வந்தது. நடையில் போனது. திருப்பத்தில் சாய்த்துத் தூக்கினார்கள். வளைத்தார்கள். மூக்கு எதிர்ச் சுவரில் இடித்தது. வால் ஹால் நிலையில் இடித்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்தார்கள். அப்போதும் இடித்தது.

“மூங்கில் வந்துச்சே!” என்றார் பெருமாள்சாமி. “வந்துச்சே, இதே இடத்துல வந்துச்சே!”

கோமளத்தின் தையல் டேப்பை எடுத்து வந்து நீட்டிப் பிடித்தார்கள். படகு பன்னிரண்டு அடி மூன்று அங்குலம் இருந்தது. இருபத்தேழு வருடத்தில் மயிரிழை பிசகாத கை மூன்று அங்குலம் பிசகியிருந்தது. பெருமாள்சாமி நடையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பெரிய பெரிய ஆட்களெல்லாம் பாராட்டிய கை அது. இப்போது அதை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

கிருஷ்ணப்பா மட்டும் ஹாலுக்குள் போய், வேலைப் பெட்டியைக் கிண்டி, ஓர் இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு வந்தார். வந்தவர் சிரித்த சிரிப்பில் மாடியிலிருந்து சின்னத்தாயி இறங்கி வந்துவிட்டார்.

“குரு, எதுல அளந்த? இதுலயா? ஸ்டீல் காஸ்டிங்குக்கு மாடிபிட்டியா, செஞ்சிட்டியா, குரு!”

அது பேட்டர்ன் ஷாப் ஸ்கேல். உருக்கிய எஃகு ஆறும்போது சுருங்கும். அதற்காக மரத்தைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தரமும் கணக்குப் போடாமல் இருக்க, அந்த ஸ்கேலிலேயே ஒவ்வோர் அடியும் கால் அங்குலம் கூடுதலாகக் கீறப்பட்டிருக்கும். பன்னிரண்டு அடிக்கு மூன்று அங்குலம். மூங்கிலைத் தையல் டேப்பில் அளந்தவர், படகை மட்டும் கைப்பழக்கத்தில் அந்த ஸ்கேலால் அளந்திருக்கிறார். வேறு எந்தத் தச்சனுக்கும் இந்தத் தப்பு வராது. அவனிடம் அந்த ஸ்கேலே இருக்காது.

“அப்ப இது தப்பு இல்ல” என்று எழுந்தார் பெருமாள்சாமி. தப்புதான், ஆனால் கை பிசகவில்லை என்றதும் அவருக்கு உயிர் வந்துவிட்டது. திருப்பத்தின் எதிர்ச் சுவரில் காற்றுக்காக வைத்த சிமெண்ட் ஜாலி ஒன்று இருந்தது. “சின்னத்தாயி அக்கா, இந்த ஜாலிய ஒடைச்சிக்கவா? சாயந்திரமே புதுசா வெச்சிக் குடுத்துடறேன்.”

“அய்யே! சொவத்த ஒடைக்கிறானாம், கேட்டியாடி கோமளம்!” என்று சின்னத்தாயி தலையில் கை வைத்தார். ஆனால் தெருவே வந்து நிற்கிறது. வேண்டாம் என்று சொன்ன கெட்ட பெயர் தனக்கு எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, “வெள்ள அடிச்சியும் குடுக்கணும்” என்றார். ஜாலி உடைந்தது. படகின் மூக்கு அந்த ஓட்டை வழியாக அவருடைய துவைக்கும் கல் பக்கம் ஒரு சாண் எட்டிப் பார்த்தது. வால் வளைந்தது. படகு தெருவுக்கு வந்தது.

வெயிலில் வைத்ததும்தான் சுந்தரமூர்த்தி அதை முதன்முறையாக முழுதாகப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. குனிந்து பக்கவாட்டில் உள்ளங்கையை ஓட்டினார். மூலைகளில் விரலை விட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூக்கிலிருந்து வால் வரை நோக்கினார்.

“ஏனுங்க சார், பக்கமெல்லாம் லேசா சரிவு வெச்சிருக்கீங்க?”

“அது... கை தானா வெச்சிடும். சரிவு இல்லன்னா மணல்லேர்ந்து உருவும்போது பிச்சிக்கும்ல.”

“மூலையெல்லாம் உருட்டியிருக்கீங்க. பாலிஷ் கண்ணாடியாட்டம் இருக்குது. எங்கயுமே சிக்காது. சார், இது படகு இல்லீங்க. அசல் பேட்டர்னுங்க!”

அவர் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். காவிரிக் கரையில் ஒரு ரிசார்ட்டுக்கு ஃபைபர் படகு இருபது செய்து தர ஆர்டர் கைக்கு வந்திருக்கிறது, அச்செடுக்க நல்ல மாதிரி இல்லாமல் அலைகிறேன், இதை அப்படியே பட்டறைக்குக் கொண்டுபோய் அச்செடுத்துக்கொள்கிறேன், நீங்களும் திங்கட்கிழமையிலிருந்து பேட்டர்ன் மேக்கராக வந்துவிடுங்கள் என்று, எல்லாரையும் ஏற்றிக்கொண்டு டெம்போ ஏரிக்கு ஓடுகிற ஒரு மணி நேரமும் பேசிக்கொண்டே வந்தார். கோமளத்துக்குக் கண் விரிந்தது. பெருமாள்சாமிக்கு விரியவில்லை. ஐந்து மாதம் ராப்பகலாக யோசித்து, கடைசியில் தன் கை இன்னொரு பேட்டர்னைத்தான் செய்திருக்கிறதா? கைக்கு வேறொன்றும் தெரியாதா? டெம்போவின் பின்னால் படகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஒரு நிமிடம் இந்தப் பக்கமும் ஒரு நிமிடம் அந்தப் பக்கமுமாக மாறி மாறி உட்கார்ந்தார். வேலை வேண்டும்தான். பேட்டர்ன் மேக்கர் என்று மறுபடி ஒருவன் கூப்பிட்டது காதுக்குள் இனித்தது. அது இனித்ததில்தான் அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம்.

ஏரிக்கரையில் படகை இறக்கினார்கள். கோரை விலகிய ஓர் இடத்தில் சரளைக் கல்லாகச் சரிந்து தண்ணீர் ஆரம்பித்தது.

“தண்ணில விடாதீங்க சார்” என்றார் சுந்தரமூர்த்தி. “கல்லுல கீறிப்போயிடுங்க. மரம் ஊறிட்டா நெளிவு மாறிடும். அச்சு சரியா வராதுங்க. ரெண்டு போட்டோ எடுத்துக்கலாம், அப்படியே ஏத்திடலாம்.”

“அச்செடுத்தப்புறம் இந்த மரம் இன்னா ஆவும்?”

சுந்தரமூர்த்தி பொய் சொல்லத் தெரியாதவர். “அச்சைக் கழட்டும்போது சில சமயம் உடைஞ்சிடுங்க. உடையலீன்னா மேல பரண்ல போட்டு வெப்போம்.”

பெருமாள்சாமி கோமளத்தைப் பார்த்தார். ஏற்றிவிடலாம் என்று அவள் தலையை ஆட்டுவாள் என எதிர்பார்த்தார். அவள் ஆட்டவில்லை. “இன்னாத்துக்கு என் மூஞ்சியப் பாக்கறீங்க? அஞ்சி மாசம் எங்க எல்லாரையும் படுத்தினது பரண்ல போடவா?” என்றாள்.

“சுந்தரமூர்த்தி சார்” என்றார் பெருமாள்சாமி. “உங்களுக்கு இன்னொண்ணு செஞ்சித் தரேன். திங்கக்கெழம வந்து ஆரம்பிக்கறேன். அது பேட்டர்ன்.”

“அதுக்கு மாசக்கணக்கு ஆகுங்களே. ஆர்டர் போயிடுங்க சார்.”

“போனா போவட்டும். இது படகு.”

சொல்லிவிட்டுத் தள்ளினார். சரளையில் படகின் அடிவயிறு உரசிக் கரகரவென்று சத்தம் போட்டது. பேட்டர்ன் ஷாப்பில் அந்தச் சத்தம் கேட்டால் போர்மேன் ஓடி வருவார். இவருக்கும் ஒரு கணம் உடம்பு கூசியது, கை மட்டும் நிற்கவில்லை. முழங்கால் தண்ணீர் வரை தள்ளிப்போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. கரையில் கோமளம் வீறிட்டாள். பின் மறுபக்கம் சாய்ந்தது. துடுப்பைக் குறுக்கே பிடித்து, மூச்சை அடக்கி, அசையாமல் உட்கார்ந்தார். நின்றது. இடது முனையை ஒரு போடு போட்டார், வலது முனையை ஒரு போடு போட்டார். சுற்றவில்லை. நேராகப் போனது.

கரையிலிருந்து ஐம்பது கஜம் போன பிறகும் ஆட்டம் இருந்தது. துடுப்புப் போடும்போதெல்லாம் ஒரு தள்ளாட்டம். ஏன் ஆடுகிறது? மூக்கைப் பார்த்தார், பக்கங்களைக் குனிந்து பார்த்தார், உட்கார்ந்த இடத்திலேயே முன்னும் பின்னும் நகர்ந்து பார்த்தார். தூண்டில் காலடியில் கிடந்தது, அதை அவர் நினைக்கவே இல்லை. முதுகை வளைத்து உடம்பைக் கீழே தாழ்த்தியதும் ஆட்டம் அடங்கியது. நிமிர்ந்தால் ஆடியது. மறுபடி தாழ்த்தினார், அடங்கியது. அவருக்குப் புரிந்துவிட்டது. இருபத்தேழு வருடமாக அவர் செய்த எதிலும் எது சரி எது தப்பு என்று இன்ஸ்பெக்டர்கள் சொல்லித்தான் தெரியும். தான் செய்தது ஒன்று, வேலை செய்துகொண்டே, தன் குறையைத் தானே அவருக்குச் சொன்னது இதுவே முதல் தடவை. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிப்பும் வந்தது.

“கோமளா!” என்று ஏரி முழுக்கக் கேட்கும்படி கத்தினார். “சீட்டு ரெண்டு விரல் ஒசந்துபோச்சு! கோமளா, சீட்டு தப்பு! நான் தப்பா வெச்சிட்டேன்!”

தப்பு செய்துவிட்டு இந்த மனிதர் எதற்கு இப்படி வாய்விட்டுச் சிரிக்கிறார் என்று சுந்தரமூர்த்தி கேட்டார். கிருஷ்ணப்பா மூக்கைச் சிந்தினார். கோமளம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, புடவை நனைய, அவர் சொல்வது நன்றாகக் கேட்கிற தூரம் வரை தண்ணீருக்குள் இறங்கிப் போனாள்.